குழந்தையின் டம்ளரில் எது, எப்போது? தண்ணீர், பழச்சாறு, பார்லி, பால்

குழந்தைக்கு ஆறு மாதம் நெருங்கும்போதே வீட்டில் விவாதம் தொடங்கிவிடும். பழச்சாறு கொடுத்தால் ரத்தம் ஊறும் என்பார் பாட்டி. பார்லி தண்ணீர் சூட்டைத் தணிக்கும் என்பார் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி. பலதுறை மருந்தகத்துத் தாதியோ, தண்ணீரே போதும் என்று சொல்லி அனுப்புவார். எல்லாமே அக்கறையில் பிறந்த பேச்சுதான். ஆனால் எதை ஏற்பது என்று வரும்போது எனக்கு ஒரே கேள்விதான்: இந்தப் பானம் உள்ளே போனால், எது உள்ளே போகாமல் நின்றுவிடும்?

கைக்குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது கால் லிட்டருக்குள்தான். அதில் 100 மில்லிலிட்டர் ஆப்பிள் சாறு போய்விட்டால் அந்த அளவுக்குப் பாலும் போகாது, கஞ்சியும் போகாது. பாலில் கொழுப்பு, புரதம், கால்சியம் எல்லாம் இருக்கின்றன. சாற்றில் இருப்பது சர்க்கரையும் கொஞ்சம் வைட்டமினும். நல்லதா கெட்டதா என்று பார்ப்பதைவிட இப்படிக் கணக்குப் பார்ப்பதுதான் உதவும்.

ஆறு மாதம் வரை

இந்தக் கட்டத்தில் பாலுக்குப் போட்டியே கிடையாது. தாய்ப்பால், அது இயலாவிட்டால் பால்மாவு. உலகச் சுகாதார நிறுவனமும் நம் சுகாதார மேம்பாட்டு வாரியமும் சொல்வது இதைத்தான். சிங்கப்பூர் வெயிலில் குழந்தைக்குத் தாகம் எடுக்காதா என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான். தாகம் எடுத்தால் இன்னொரு முறை பால் கொடுத்தால் போதும். தனியாகத் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிரம்பிவிடும், பால் குறையும். இன்னும் முதிராத சிறுநீரகங்களால் அதிக நீரைச் சமாளிக்க முடியாமல் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி வலிப்பு வரைக்கும் போகக்கூடும். பால்மாவைச் சிக்கனமாக நீர்த்துக் கரைப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

சேனை வைக்கும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது பாசமான சடங்கு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். அதனால் முதல் பிறந்தநாள் வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். பெரியவர்கள் மனம் நோகாமல் நடத்த, சீம்பாலையே ஒரு துளி விரலால் தொட்டு வைக்கலாம்.

ஆறு முதல் பன்னிரண்டு மாதம்: பழமா, சாறா?

உண்மையான போட்டி இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஆரஞ்சுச் சாறு விற்கும் இயந்திரம் நிற்கிறது. பணம் செலுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் பழங்கள் உருண்டு வரும், நறுக்கிப் பிழியப்படும், மேலே தாள் ஒட்டிய கோப்பை வெளியே வரும். சர்க்கரை சேர்ப்பதில்லை, தண்ணீர் கலப்பதில்லை. இதைவிடச் சுத்தமான சாறு எங்கே கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் ஒரு கோப்பைக்கு மூன்று நான்கு பழங்கள் போகின்றன. பத்து மாதக் குழந்தையிடம் நான்கு ஆரஞ்சைக் கொடுத்தால் சாப்பிடுமா? நாலு சுளையிலேயே போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தச் சுளைகளில் நார் இருக்கிறது, மெல்ல வேண்டியிருக்கிறது, விரலால் பிடித்துப் பழக வேண்டியிருக்கிறது. சாற்றில் நார் பெரும்பாலும் சக்கையோடு இயந்திரத்திலேயே தங்கிவிடுகிறது. சர்க்கரை மட்டும் முழுசாகக் கோப்பைக்கு வருகிறது. சூடுபடுத்திக் கிருமி நீக்காத சாறு இவ்வளவு சின்ன வயிற்றுக்கு ஏற்றதும் அல்ல.

ஆரஞ்சுச் சாற்றில் 100 மில்லிலிட்டருக்கு எட்டு ஒன்பது கிராம் சர்க்கரை இருக்கும். ஆப்பிளில் பத்து கிராம் அளவுக்கு, திராட்சையில் அதற்கும் மேல். 2022 டிசம்பர் 30 முதல் இங்கே நடப்பில் இருக்கும், பானங்களுக்கு ‘ஏ’ (மிக நல்லது) முதல் ‘டி’ வரை எழுத்துத் தரம் தரும் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு பழத்தின் இயல்பான சர்க்கரையையும் கணக்கில் சேர்க்கிறது. 5 கிராமைத் தாண்டினால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. அதனால்தான் ‘100 விழுக்காடு பழச்சாறு’ என்று பெரிதாக அச்சிட்ட பெட்டியிலேயே ‘சி’ அல்லது ‘டி’ என்ற எழுத்தையும் பார்க்கிறோம். பேரங்காடியில் அந்த எழுத்தை முதலில் தேடுங்கள். பழத்தின் படத்தை நம்பி வாங்காதீர்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2001இல் ஆறு மாதத்துக்கு முன் பழச்சாறு வேண்டாம் என்றது. 2017இல் அந்த வரம்பை ஒரு வயதுக்குத் தள்ளிவிட்டது. நம் அம்மாக்களுக்கு நான்காம் மாதத்திலேயே சாறு கொடுக்கச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. அன்றைய அறிவு அது. இன்று மாறிவிட்டது என்பதை வீட்டில் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இரும்புச்சத்து ஏற வைட்டமின் ‘சி’ உதவும் என்ற வாதம் மட்டும் வலுவானது. ஆனால் அதற்கும் சாறு தேவையில்லை. பருப்புச் சாதமோ கேழ்வரகுக் கூழோ மசித்த கோழி இறைச்சியோ ஊட்டும்போது பக்கத்தில் இரண்டு விரல் அளவு பப்பாளி அல்லது விதை நீக்கித் தோல் உரித்த ஆரஞ்சுச் சுளை இருந்தால் அதே பலன் கிடைக்கும். பழுத்த பப்பாளி தேக்கா சந்தையில் எப்போதும் கிடைக்கிறது. கரண்டியாலேயே மசியும்.

தாகத்துக்குத் தண்ணீர். சாப்பாட்டோடு சிறு மிடறுகளாக, நாள் முழுவதும் சேர்த்து 120 முதல் 240 மில்லிலிட்டருக்குள் இருந்தால் போதும். நம் குழாய் நீர் நேரடியாகவே குடிக்கத்தக்கது. கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுக்கும் வீட்டு வழக்கத்தை விட மனமில்லையென்றால் அப்படியே செய்யுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்தே குழாய் நீரில் பற்களைக் காக்கும் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டு வருகிறது. அதனால் விலை கொடுத்துப் புட்டித் தண்ணீர் வாங்கித்தான் குழந்தையை வளர்க்க வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

சாறு ஜெயிக்கும் ஒரே இடம்

மலச்சிக்கல். திட உணவு தொடங்கிய புதிதில் முக்கி முக்கி அழும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் மனம் தாங்காது. உலர்ந்த பிளம், பேரிக்காய், ஆப்பிள் ஆகியவற்றின் சாற்றில் சார்பிட்டால் என்ற இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. குடல் அதை முழுதாக உறிஞ்சாது. அது குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு 30 முதல் 60 மில்லிலிட்டர், சில நாள்களுக்கு மட்டும் கொடுக்கலாம். அதை மருந்தாக நினையுங்கள், பழக்கமாக்கிவிடாதீர்கள்.

நம் வீடுகளில் இதற்குப் போட்டியாக நிற்பது உலர்திராட்சை ஊறவைத்த தண்ணீர். அந்தத் தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுப் பழத்தைத் தூக்கிப் போடுவதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. இரவே வெந்நீரில் ஊறவைத்து, காலையில் நன்றாக மசித்து, வடிகட்டியில் தேய்த்துக் கூழாகக் கொடுங்கள். நாரும் சேர்ந்து போகும். முழுத் திராட்சையைக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை சில நாள்கள் மலம் கழிக்காமல் இருந்து, பிறகு இளக்கமாகக் கழித்தால் அது மலச்சிக்கலே அல்ல. அதற்கு எந்தச் சாறும் வேண்டாம்.

பார்லியும் இளநீரும்

இங்கே பார்லி தண்ணீர் என்றால் பாண்டான் இலையும் பாகில் ஊறிய பூசணித் துண்டும் போட்டுக் காய்ச்சுவது. அந்தத் துண்டு முழுக்கச் சர்க்கரை. காப்பிக்கடையில் வாங்குவதும் பெட்டியில் வருவதும் குழந்தைக்கு ஆகாது. வெறும் பார்லியை வேகவைத்து, தண்ணீரோடு பார்லியையும் மசித்து ஆறு மாதத்துக்குப் பிறகு கூழாக ஊட்டினால் அது உணவு, தாராளமாகக் கொடுக்கலாம். பார்லியில் குளூட்டன் இருப்பதால் முதல் முறை சிறிதளவு கொடுத்துக் கவனிப்பது நல்லது. இளநீர் இரண்டு மூன்று கரண்டி சுவைக்கக் கொடுத்தால் தவறில்லை. தினசரிப் பானமாக்கத் தேவையில்லை. கிரைப் வாட்டருக்கும் ஓமத் தண்ணீருக்கும் குழந்தையின் உணவில் எந்த வேலையும் இல்லை.

ஒரு வயதுக்குப் பிறகு: எந்தப் பால்?

இப்போது கொழுப்பு நீக்காத பசும்பாலை முக்கியப் பானமாகக் கொடுக்கலாம். நாளைக்கு அரை லிட்டர் போதும், முக்கால் லிட்டரைத் தாண்ட வேண்டாம். பால் அதிகமானால் சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும். பாலிலேயே வயிறு நிறைந்து வெளுத்துப் போகும் பிள்ளைகள் உண்டு.

இதற்குப் போட்டி, ‘வளரும் குழந்தைகளுக்கு’ என்று விற்கும் டின் பால்மாவு. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு அத்தகைய பால்மாவைப் பரிந்துரைக்கவில்லை. சிங்கப்பூரில் 2007க்கும் 2016க்கும் இடையே பால்மாவு விலை இருமடங்குக்கு மேல் ஏறியதைப் போட்டித்தன்மை ஆணையமே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சரியாகச் சாப்பிடும் குழந்தைக்குச் சாதாரணப் பசும்பாலே போதும். டின்னுக்குக் கொடுக்கும் காசில் மீனும் முட்டையும் கீரையும் வாங்கலாம். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மட்டும் மருத்துவரின் யோசனையோடு, சத்துகள் சேர்த்த இனிப்பில்லாத சோயாப் பால். உணவங்காடியில் கிடைக்கும் இனிப்புச் சோயா அந்த வேலையைச் செய்யாது.

காப்பிக்கடைத் தேநீரில் ஒரு வாய் கொடுப்பது நம்மிடம் சாதாரணம். தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் ஊற்றும் கெட்டிப் பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. இந்தக் கெட்டிப் பாலுக்கு நம் ஊரில் ஒரு துயர வரலாறே உண்டு. அதைப் பச்சிளங்குழந்தைகளுக்கு உகந்தது என்று விளம்பரப்படுத்தி விற்றதைக் கண்டித்து, மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்திலேயே எழுந்து பேசினார். ‘பாலும் கொலையும்’ என்பது அந்த உரையின் தலைப்பு. அவ்வளவு கடுமையாகப் பேசும்படி அவர் இங்கே பிள்ளைகள் சாவதைப் பார்த்திருந்தார்.

சாறு? ஒன்று முதல் மூன்று வயது வரை நாளைக்கு 120 மில்லிலிட்டர்தான் உச்ச வரம்பு. அத்தனையும் கொடுத்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உறவினர் வீட்டுப் பிறந்தநாளில் பெட்டிச் சாற்றை நீட்டுகிறார்களா, பாதியை டம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்து சாப்பாட்டோடு கொடுங்கள். உறிஞ்சுகுழலோடு கையில் கொடுத்துவிட்டால் மணிக்கணக்கில் சப்பிக்கொண்டிருக்கும். பல்லைக் கெடுப்பது அந்த நேரம்தான். வயிற்றுப்போக்கு வந்தால் சாற்றை நிறுத்துங்கள். சர்க்கரை மிகுந்த நீர் குடலுக்குள் மேலும் நீரை இழுக்கும். உப்பும் குளுக்கோசும் சரியான அளவில் கலந்த மருந்துக்கடை உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ குழந்தை சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாட்டிலா, டம்ளரா?

பாலாடையில் பாலூட்டிய பாட்டிகளுக்கு இந்தக் கேள்வியே புரியாது. ஆறு மாதத்திலேயே சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி உதட்டில் வைத்தால் குழந்தை உறிஞ்சப் பழகும். சட்டை நனையும், நனையட்டும். ஒரு வயதில் பாட்டிலைக் குறைக்கத் தொடங்கி, 18 மாதத்துக்குள் விட்டுவிடலாம். படுக்கையில் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள், பாலானாலும் சரி, சாறானாலும் சரி. இரவு பல் துலக்கிய பிறகு தாகம் என்று அழுதால் தண்ணீர் மட்டும்.