ஐ20 என் லைனில் கைக்குழந்தை சீட்: வேலூரில் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

சின்ன ஸ்போர்ட்டி காரில் கைக்குழந்தை சீட் போட முடியுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாகப் போடலாம். குழந்தைக்கு இடம் பத்தாமல் போகாது. இடம் பறிபோவது முன்னால் இடப்பக்கம் உட்காருகிறவருக்கு. அதை வீட்டில் பேசி முடித்துவிட்டால் மிச்சமெல்லாம் அளவெடுக்கிற வேலைதான்.

எங்களிடம் இருப்பது ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line, ஐ20-யின் ஸ்போர்ட்டி வகை), டிசிடி எனும் ஆட்டோமேட்டிக் கியர். 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். நீளம் 3995 மி.மீ., வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2580, டிக்கி 311 லிட்டர். வீடு சத்துவாச்சாரியில், மனைவியின் ஊர் ஆரணி, அதனால் கணியம்பாடி, கண்ணமங்கலம் வழி எங்களுக்கு மனப்பாடம். மனைவி மாசமாக இருந்தபோதே சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டு, இதை வித்துட்டு பெரிய வண்டியா எடு என்று. நான் விற்கவில்லை. மனசு வரவில்லை என்பது ஒரு பக்கம், டேப்பை எடுத்து அளந்து பார்த்ததில் விற்கத் தேவையே இல்லை என்பது இன்னொரு பக்கம்.

எதை அளந்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. கைக்குழந்தை சீட் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தலை பெரிசு, உடம்பு நீளத்தில் கால்வாசி தலைதான், கழுத்தில் பலமே இருக்காது. முன்னால் மோதினால் தலை முன்னே பாயும். சீட் பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். அப்படி வைக்கும்போது சீட் 45 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கத்தில் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்கே சிரமமாகிவிடும். இந்தச் சாய்வுதான் சின்ன வண்டியில் இடத்தைத் தின்கிறது. சீட்டின் அகலமோ உயரமோ பிரச்சினை இல்லை. பின்சீட் முதுகிலிருந்து முன்சீட் முதுகு வரை எத்தனை சென்டிமீட்டர், குழந்தை சீட் சாய்ந்த நிலையில் எத்தனை சென்டிமீட்டர், இந்த இரண்டு எண்தான் வேண்டும்.

சென்னையில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், "எல்லா காருக்கும் ஃபிட் ஆகும் சார்" என்று சொன்ன ஆளிடம், வண்டி வாசலில்தான் நிற்கிறது, ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன் என்றால் டப்பாவைப் பிரிக்கக் கூடாதாம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அடுத்த கடையில் டெமோ சீட்டைக் கொண்டுவந்து வண்டியிலேயே வைத்துக் காட்டினார்கள், அங்கேதான் வாங்கினோம். வண்டிக்குள் வைத்துப் பார்க்க விடாத கடையில் சீட் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

நாங்கள் எடுத்தது தனியாகக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகிற பக்கெட், கூடவே அதை வண்டியோடு நேரே பூட்டும் ஐசோஃபிக்ஸ் பேஸ். வண்டியில் பின்சீட்டும் முதுகும் சேரும் இடுக்கில் இரண்டு இரும்புக் கம்பி இருக்கும், 28 செ.மீ. இடைவெளியில். பேஸின் இரண்டு கையும் அதில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும், சிவப்பு பச்சையாக மாறும். அப்புறம் முன்பக்கம் ஒரு சப்போர்ட் லெக், அதை இறக்கித் தரையில் ஊன்ற வேண்டும். இதில் ஒன்று கவனிக்கணும், சில வண்டிகளில் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே சாமான் வைக்கும் பெட்டி இருக்கும், அதன் மூடி மேல் இந்தக் காலை ஊன்றக் கூடாது. ஐ20-யில் அந்தத் தொல்லை இல்லை, கெட்டியான தரை.

என் லைனின் பின்சீட் கொஞ்சம் கட்டியானது. பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் குழந்தை சீட் போடுவதற்கு அதுதான் நல்லது என்று நினைக்கிறேன். மெத்தென்ற சீட்டில் பேஸ் நாளாக நாளாக அமுங்கி ஆட்டம் கொடுக்கும், இதில் மாட்டினால் மாட்டினதுதான். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது என்பது கணக்கு. எங்களுடையது அதில் பாதிகூட அசைவதில்லை.

இடப்பக்கம் பின்னால்தான் வைத்தோம். நடு இருக்கைதான் பாதுகாப்பு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன, உண்மைதான், பக்கத்திலிருந்து இடித்தால் அதுதான் தள்ளி இருக்கிறது. ஆனால் நடுவில் ஐசோஃபிக்ஸ் கம்பி கிடையாது, சீட் வேறு கொஞ்சம் புடைத்திருக்கும், பேஸ் சமமாக உட்காராது. எனக்குப் பின்னால் வைத்தால் நான் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான், நான் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. இடப்பக்கம் என்றால் நம் ஊரில் அது சாலையோரப் பக்கம், பஸ் வருகிற பக்கம் கதவைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டாம். கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு தடவை ஓரம் கட்டினால் இதன் அருமை தெரியும். முன்சீட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை வைத்தால் ஏர்பேக் விரிகிற வேகமே குழந்தையின் தலையில் இறங்கும்.

இப்போது அந்த முன்சீட்காரர். என் மனைவி ஐந்தடி மூன்று அங்குலம், முன்சீட்டை நகர்த்தியும் முட்டி டாஷ்போர்டில் இடிக்காமல் உட்கார முடிகிறது, கால் நீட்ட முடியாது. ஆனால் ஆறு மாதம் வரை அவள் முன்னால் உட்காரவே இல்லை, குழந்தைக்குப் பக்கத்தில் பின்சீட்டில்தான். அதனால் முன்சீட் காலி, நன்றாக முன்னால் தள்ளிவிடலாம். சிக்கல் மாமா வந்தால்தான். ஆரணியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வரும்போது முன்னால் உட்கார்ந்து கண்ணமங்கலம் வருவதற்குள் "மாப்ள, காலு மரத்துப்போச்சு, கொஞ்சம் நிறுத்துங்க" என்பார். ஆறடி ஆள் முன்னால், பக்கெட் பின்னால், ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இந்த வண்டி சரிப்படாது. ஏர்பேக் இருக்கும் டாஷ்போர்டிலிருந்து மார்பு ஒரு சாண் தூரத்துக்கு மேல் தள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள், இடத்துக்காக ஆளை ஒட்டி உட்கார வைக்காதீர்கள்.

எங்கள் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது தனிக்கதை. "பச்சக் கொழந்தய இன்னாத்துக்குடா இப்டி கட்டிப்போட்டு இட்டுக்கினு போற, என் மடியில குடு, நான் புடிச்சிக்கினு வர்றேன்" என்று தினமும் சண்டை. நான் சட்டத்தைச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 2019 திருத்தத்தில் 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஆயிரம் ரூபாய்க்கெல்லாம் அம்மா அசரவில்லை. அப்புறம் கணக்குச் சொன்னேன், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் அந்த நொடியில் எடை இருபது முப்பது மடங்கு ஆகிவிடும், நாலு கிலோ குழந்தை எண்பது கிலோ அரிசி மூட்டையை விடக் கனக்கும், உன் கையால் பிடிக்க முடியுமா என்று. அதற்கு அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் மடியில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஹார்னஸை, அதாவது குழந்தையைச் சீட்டோடு கட்டும் வாரை, முதலில் சரிபார்க்கிறதே அம்மாதான்.

அந்த ஹார்னஸ் பற்றி இரண்டு வார்த்தை. பின்பக்கம் பார்த்த சீட்டில் தோள்பட்டை வார் தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயோ இருந்து வர வேண்டும், மேலே இருந்தல்ல. இறுக்கினபின் வாரைத் தோள் அருகே விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் தளர்வு இருக்கிறது. மார்கழியில் காலை நேரத்தில் நம் ஊரே கொஞ்சம் சில்லென்று இருக்கும், அப்போது தடித்த ஸ்வெட்டர், துண்டு எல்லாம் சுற்றி அதன்மேல் வார் போடாதீர்கள், மோதும்போது துணி அமுங்கி வார் தொளதொளவென்று ஆகிவிடும். வார் போட்டபிறகு மேலே துண்டைப் போர்த்துங்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரத் தடுப்பூசி போட்டுத் திரும்புகிற நாட்களில் ஊசி தொடையில் இருக்கும், வார் அதில் உரசாமல் கொஞ்சம் ஒதுக்கிப் போடணும், இல்லாவிட்டால் வீடு வரை கச்சேரி.

வேலூர் வெயிலுக்கு வருவோம், இதுதான் பெரிய விஷயம். என் லைன் உள்ளே முழுக்கக் கறுப்பு, சிவப்புத் தையல். பார்க்க அழகு. சித்திரை வைகாசியில், கத்திரி வெயிலில், கோட்டைக்கு எதிரே நிறுத்திவிட்டு ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்தால் வெளியே நாற்பதென்றால் உள்ளே ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், ஹார்னஸ் பக்கிளில் இருக்கிற இரும்புத் தகடு தொடைக்குச் சூடு போட்டுவிடும். நாங்கள் செய்வது, நிறுத்தும்போதே சீட் முழுவதையும் வெள்ளை வேட்டியால் மூடிவிடுவது. கண்ணாடிக்கு வலை மறைப்பு. திரும்பி வந்ததும் நாலு கதவையும் திறந்துவிட்டு, ஏசி போட்டு, பக்கிளைக் கையால் தொட்டுப் பார்த்தபிறகுதான் குழந்தை உள்ளே. பேஸ் இருப்பதால் இதில் ஒரு லாபம், பக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டே போய்விடலாம், அது வெயிலில் காய்வதில்லை. ஓடும்போது பின் ஏசி காற்று பக்கெட் ஓட்டின் முதுகில்தான் மோதுகிறது, குழந்தைக்கு நேரே போவதில்லை. முன் ஏசியின் நடு வென்டை மேலே கூரைப் பக்கம் திருப்பி விட்டால் காற்று சுற்றிக்கொண்டு வருகிறது. முதுகு மட்டும் எப்படியும் வியர்க்கும், மெல்லிய பருத்தித் துணி விரித்துப் பார்த்தோம், அது வாருக்கு அடியில் கசங்கி நகர்கிறது, எடுத்துவிட்டோம். ஐந்து நிமிஷ வேலைதானே என்று குழந்தையை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏசி ஓடினாலும் சரி, நிழல் என்றாலும் சரி.

சவாரி. என் லைனின் சஸ்பென்ஷன் சாதா ஐ20-யை விட இறுக்கம். சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் சொர்க்கம், பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் வரை குழந்தை ஒரே தூக்கம், அந்த எக்ஸாஸ்டின் உறுமல் தாலாட்டு மாதிரி வேலை செய்கிறது என்பது எங்கள் வீட்டுத் தியரி. ஊருக்குள் தோண்டிப் போட்ட தெருக்களில் மெதுவாகத்தான் போக வேண்டும். வேகத்தடையை நேராக ஏறி இறங்கவேண்டும், ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் பக்கெட் பக்கவாட்டில் ஆடும், தூக்கம் போச்சு. டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும்.

நெடுந்தூரம் என்றால் குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சாய்ந்த நிலையில் வைக்கக் கூடாது, முதல் மாதங்களில் அதைவிடக் குறைவு. வேலூரிலிருந்து சென்னைக்கு வாலாஜா தாண்டி ஒரு நிறுத்தம் என்று வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தும் தூங்குகிறதே என்று பக்கெட்டிலேயே விடாதீர்கள், எடுத்துச் சமதரையில் படுக்க வையுங்கள்.

டிக்கி 311 லிட்டர் போதுமா என்றால், குழந்தையை வைத்துத் தள்ளுகிற பெரிய மடக்கு வண்டி (ஸ்ட்ரோலர்) வைத்தால் ஒரு பைதான் மிச்சம். பக்கெட்டே பொருந்தும்படியான ஸ்ட்ரோலர் பாதி டிக்கியை எடுத்துக்கொள்ளும். நாங்கள் மூன்றாக மடியும் சின்னது ஒன்று வாங்கினோம், அது பக்கவாட்டில் நின்றுகொள்ளும், ஆரணியிலிருந்து அத்தை கட்டிக்கொடுக்கிற அரிசியும் ஊறுகாயும் பக்கத்தில் உட்காரும்.

மாமாவின் பழைய செடானில் ஐசோஃபிக்ஸ் இல்லை, அதில் போகும்போது பேஸ் இல்லாமல் பக்கெட்டை வண்டி பெல்ட்டாலேயே கட்டினோம். இடுப்புப் பெல்ட் இரண்டு பக்க நீலக் கொக்கிக்குள்ளும், தோள் பெல்ட் ஓட்டைச் சுற்றிப் பின்னாலும் போக வேண்டும். பல வண்டிகளில் பெல்ட் அவ்வளவு நீளம் வராது, அங்கேயே ஆட்டம் முடிந்தது. அந்தச் செடான் ஐ20-யை விட நீளம், ஆனாலும் பெல்ட் முக்கித்தான் எட்டியது. ஆகவே பெரிய வண்டி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

குறை என்று பார்த்தால் முதுகுவலி. கூரை சரிவாக இருக்கும் வண்டி, பக்கெட் நாலு கிலோ, குழந்தை எட்டு கிலோ, குனிந்து தலையை உள்ளே விட்டு அதைப் பேஸில் மாட்டி எடுப்பது, பக்கத்தில் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் கதவு முழுசாகத் திறக்காது. பத்து மாதத்துக்குப் பிறகு பக்கெட்டைக் கழற்றுவதை விட்டுவிட்டோம், குழந்தையை மட்டும் தூக்குவோம்.

13 கிலோ வரை என்று சீட்டில் போட்டிருந்தாலும் எடைக்கு முன்னால் உயரம்தான் முடிந்தது. உச்சந்தலைக்கும் ஓட்டின் மேல் விளிம்புக்கும் ஓர் அங்குல இடைவெளி குறைந்ததும் மாற்ற வேண்டும். இப்போது பின்பக்கமும் முன்பக்கமும் பார்த்து வைக்கக்கூடிய கன்வர்ட்டிபிள் சீட், அதுவும் பின்பக்கம் பார்த்துத்தான். ஐ-சைஸ் எனும் ஆர்129 என்ற ஐரோப்பியக் குழந்தை சீட் விதிப்படி 15 மாதம் வரை கட்டாயம், அதற்கு மேலும் முடிந்தவரை அப்படியே வைப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழந்தை வளர்ந்ததால் இதைக் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கலாம், அதனால் மாமாவுக்கு முன்சீட்டில் நாலு விரற்கடை கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. பழைய பக்கெட்டைத் தம்பிக்குக் கொடுத்தாயிற்று. அது எந்த விபத்தையும் பார்க்காதது, காலாவதித் தேதி எப்போது என்பதும் எனக்குத் தெரியும். தெரியாத ஆளிடம் செகண்ட் ஹேண்டில் மட்டும் வாங்காதீர்கள். தம்பியின் வண்டி என்னுடையதை விடச் சின்னது, அவன் இன்னும் டேப்போடு அளந்துகொண்டிருக்கிறான்.