மெர்லின் செயலி: காது இரவல், கண் உங்களுடையது

அமெரிக்காவின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளில் மே மாத விடியல் என்றால் ஒரே இரைச்சல். மரம் இலை விட்டிருக்கும், பாட்டு கேட்கும், பறவை தெரியாது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும், பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் 2021இல் சேர்ந்த ஒலி அறியும் வசதி இந்த வேளைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் அது சொல்வதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றினால் பட்டியல் கெடும்.

போகும் வட்டாரத்துக்கான பறவைத் தொகுப்பை (செயலிக்குத் தேவையான தரவு) வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். உள்ளே பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் அங்கே வராத பறவையெல்லாம் பட்டியலில் வரும். நடந்துகொண்டே பதிவு செய்தால் சரளைக்கல் சத்தம்தான் பதியும். நின்று, போனின் மைக் இருக்கும் அடிப்பக்கத்தைப் பாட்டு வரும் திசைக்குத் திருப்பி, ஓரிரு நிமிடம் போதும்.

செயலி தடுமாறுவது முக்கியமாக ஒரே சுருதியில் வேகமாகத் துடிக்கும் 'ட்ரில்' பாட்டுகளில். சிப்பிங் ஸ்பேரோ, பைன் வார்ப்ளர், ஜங்கோ, ஸ்வாம்ப் ஸ்பேரோ ஆகிய நான்கு பறவைகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஒலிக்கும். இங்கே இடம்தான் நடுவர்: சதுப்பு நாணலிலிருந்து நிதானமாக வந்தால் ஸ்வாம்ப் ஸ்பேரோ, பைன் உச்சியிலிருந்து இழைந்து வந்தால் பைன் வார்ப்ளர், புல்வெளி ஓரத்தில் தையல் இயந்திரம்போல் வறட்சியாக ஓடினால் சிப்பிங் ஸ்பேரோ. புளூ ஜே பருந்துக் குரலை அச்சாகப் பிடிக்கும், ஸ்டார்லிங்கோ எதையும் விடாது. செயலி ஏமாறினால் குற்றமில்லை. பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வந்தால் அது அங்கே அரிய பறவை. பைனாகுலரில் பார்க்கும்வரை அது வதந்திதான்.

'ஸ்பிரிங் பீப்பர்' தவளைகள் கூட்டமாகக் கத்தும் குட்டையோரத்தில் பக்கத்துப் பாட்டுகள் அமுங்கிவிடும்; நூறடி தள்ளிப் போங்கள். சுமார் 40 ஹெர்ட்ஸில் அதிரும் ரஃப்டு கிரவுஸ் என்ற பறவையின் சிறகொலி போன் மைக்குக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. மறுமுனையில், 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பாடும் கோல்டன்-கிரவுண்டு கிங்லெட்டை வயதான காதுகள் தவறவிடும். அதைப் பிடித்துத் தருவதற்காகவே செயலியை வைத்துக்கொள்ளலாம். எத்தனை பறவை என்று அது எண்ணாது. மூன்று மார்ஷ் ரென் போட்டிபோட்டுப் பாடினாலும் ஒரு பெயர்தான் ஒளிரும்.

செயலியிலுள்ள மாதிரிக் குரல்களை ஒலிக்க விடாதீர்கள். முட்டையிடும் காலத்தில் ஆண் பறவை எல்லை காக்க ஓடிவந்து வீணாகக் களைக்கும். வான்கோழிக் குரலை ஒலிப்பது அதைவிட மோசம். வனவிலங்கு மேலாண்மைப் பகுதி வேட்டைக்கும் திறந்த நிலம், வசந்தம் வான்கோழி வேட்டைக் காலம். புதருக்குள் உருமறைப்பு உடையில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் குரலுக்காகத்தான் காத்திருக்கிறார். ஆண் வான்கோழியின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலத்தில் தொப்பியோ துண்டோ வேண்டாம். பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி போடுங்கள். சில மாநிலங்களில் இந்த வேட்டை நண்பகலோடு முடியும், பாட்டுக் கச்சேரியும் அதற்குள் ஓய்ந்திருக்கும். ஆகவே வேட்டைக்கு மூடிய நாளாகப் பார்த்து விடியலில் போவது உத்தமம்.