எச்சரிக்கை யாரிடம் போய்ச் சேராது? எஸ்எம்எஸ் முதல் செயற்கைக்கோள் வரை ஓர் ஒப்பீடு

2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரி அருகே உள்ள நல்லவாடு மீனவ கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்ப்பையன் சுனாமி வரலாம் என்று எச்சரித்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் அந்த ஊரில் இருந்தது. கடல் நிலவரத்தை அங்கிருந்து ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அதே மைக்கில் அறிவித்தார்கள். ஊர் தப்பியது.

போன் ஒருவருக்குச் சொன்னது, மைக் ஊருக்கே சொன்னது. அரசுகள் இன்று எச்சரிக்கைக்கு எந்தத் தொழில்நுட்பத்தை வாங்கினாலும், அது யாரிடம் போய்ச் சேராது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸா, செல் பிராட்காஸ்ட்டா என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதுதான். எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகிறது. புயல் நாளில் எல்லோரும் போன் செய்யும்போது நெரிசலில் சிக்கி, மழை விட்ட பிறகு வந்து நிற்கும். செல் பிராட்காஸ்ட் வானொலி போல. டவரின் எல்லைக்குள் இருக்கும், இந்த வசதியுள்ள போன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போகும். எண் தேவையில்லை, வெளியூரிலிருந்து வந்தவருக்கும் கிடைக்கும். 2023-இல் இந்தியாவில் நடந்த சோதனையின்போது சைலன்ட்டில் கிடந்த என் போன் அலறியதில் வீடே திரும்பிப் பார்த்தது. ஆனால் பக்கத்திலேயே இருந்த அம்மாவின் பழைய பட்டன் போன் வாயே திறக்கவில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருவதாகத் தவறான எச்சரிக்கை மக்களின் போன்களுக்குப் போய்விட்டது. அது தவறு என்ற மறு செய்தி வர 38 நிமிடம் ஆனது. அனுப்பும் பொத்தானை வாங்கும் அரசு, திரும்பப் பெறும் வழியையும் அன்றைக்கே தயார் செய்து வைக்க வேண்டும்.

சரி, டவரே செத்துவிட்டால்? 2015 சென்னை வெள்ளத்தில் பல பகுதிகளில் போன் ஊமையானது. அங்கே எஸ்எம்எஸ், செல் பிராட்காஸ்ட் இரண்டுமே ஒன்றுதான். ஒடிசா இதற்காகக் கடலோரத்தில் 122 சைரன் கோபுரங்கள் கட்டியது. ஒன்றின் ஓசை சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கேட்கும். அதோடு விடாமல், 2019-இல் ஃபானி புயல் வந்தபோது சுமார் 26 லட்சம் எஸ்எம்எஸ்ஸும் 43,000 தொண்டர்களுமாக இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோனது. 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேரைப் பறிகொடுத்த மாநிலம் அது. ஃபானியில் இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு.

சைரன் பயமுறுத்தும், ஆனால் எங்கே போக வேண்டும் என்று சொல்லாது. அதனால்தான் எனக்கு வங்கதேசத்தின் ஏற்பாடு மேலாகப் படுகிறது. அங்கே 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் கொடி ஏற்றி, கையில் மெகாபோனோடு வீடு வீடாகப் போகிறார்கள். 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். வீட்டு ஆண்கள் வரட்டும் என்று காத்திருந்தது அதற்கு ஒரு காரணம். இன்று தொண்டர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து "எழுந்திரு, பிள்ளையைத் தூக்கு" என்றால் கால் நகர்வது போல, போன் செய்திக்கு நகராது.

மேலே சொன்ன எதுவும் ஆழ்கடலுக்கு எட்டாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கன்னியாகுமரிக் கடலில் புயலாக மாறியபோது, அந்த மாவட்டத்தின் தூத்தூர் பக்கத்திலிருந்து, கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் விசைப்படகுகள் பல நாள் முன்பே கிளம்பி வெகுதூரம் போயிருந்தன. செல்போன் சிக்னல் கரையோரத்தோடு முடிந்துவிடும். படகில் பேச வைத்திருக்கும் விஎச்எஃப் ஒயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர் போகும், அப்புறம் மௌனம். கரையில் எச்சரிக்கை இருந்தும் கடலில் இருந்தவர்களுக்கு அது இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு இரண்டு கருவிகள் வந்தன. 2019-இல் வந்த ஜெமினி, செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு எச்சரிக்கை தரும். ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் இருவழி. படகு இருக்கும் இடம் கரைக்குத் தெரியும், ஆபத்து என்று அங்கிருந்தே சொல்லலாம். ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024-இல் தொடங்கியது. ஒக்கியின்போது கரையில் நின்ற குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது புயலின் வேகம் அல்ல, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதுதான். ஜெமினியால் அதைச் சொல்ல முடியாது. கடலோர மாவட்டத்துக்கு வரும் பணத்தில் என் முதல் ஓட்டு இந்த டிரான்ஸ்பாண்டர் பெட்டிக்கு, இரண்டாவது மெகாபோன் ஏந்தும் பெண்களுக்கு. செல் பிராட்காஸ்ட் மூன்றாவதாக வரட்டும்.