வெக்ஸிலர் எஃப்எல்-18 ஃப்ளாஷர்: மூன்று நிறம், ஒரு திருகு

உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பினால் பழி பெரும்பாலும் இரைமேல் விழும். பல நேரம் தப்பு இரையில் இல்லை. மீனே இல்லாத துளைமேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் தப்பு. அந்த வீண் காத்திருப்பைக் குறைப்பதுதான் ஃப்ளாஷரின், அதாவது தண்ணீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் கருவியின் வேலை. எஃப்எல்-18 அதை நன்றாகவே செய்கிறது, எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர் கையில் இருந்தால்.

கருவி பழைய பாணிதான். வட்ட முகப்புக்குப் பின்னால் சின்ன மோட்டார் ஒரு தட்டைச் சுழற்றுகிறது. எதிரொலி வரும் ஆழத்தில் விளக்கு மின்னுகிறது. பச்சை என்றால் பலவீனமான எதிரொலி, ஆரஞ்சு நடுத்தரம், சிவப்பு பலமானது. ஏரியின் அடித்தரை தடித்த சிவப்புப் பட்டையாகத் தெரியும், ஜிக் (எடை பொருத்திய தூண்டில் முள்) மெல்லிய கோடாக. தூண்டிலை ஒரு இன்ச் தூக்கினால் கோடும் அதே நொடியில் ஏறும். கடும் குளிரில் எல்சிடி திரைகள் மந்தமாகிவிடுவதுண்டு. இதில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் ரேஞ்ச், அதாவது முகப்பு மொத்தமாகக் காட்டும் ஆழம். 17 அடித் தண்ணீருக்கு 20 அடி ரேஞ்ச் போதும். பெரிதாக வைத்தால் முகப்பில் பாதி வீணாகும், கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். அடுத்தது கெயின். இதை ரேடியோ வால்யூம் மாதிரி முறுக்குகிறவர்கள்தான் அதிகம். கெயினை முழுதாகக் குறைத்து, ஜிக்கைப் பாதி ஆழத்துக்கு இறக்கி, மெதுவாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஜிக் மெல்லிய பச்சைக் கோடாக நடுங்காமல் நிற்கிற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கூட்டினால் ஜிக்கே சிவப்பாகத் தடித்துவிடும். அதை ஒட்டி வந்து நிற்கும் மீன் அந்தத் தடிப்புக்குள் மறைந்துபோகும். 5 மில்லிமீட்டர் ஜிக்கைக் கழற்றி 3 மில்லிமீட்டர் போட்டாலும், ஆழம் மாறினாலும், கெயினை மறுபடி வைக்க வேண்டும். டங்ஸ்டன் ஜிக்குகள் இங்கே கைகொடுக்கும்: ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடை சின்ன உருவத்தில் கிடைக்கிறது, சீக்கிரமாகவும் இறங்குகிறது.

ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவதில் அலட்சியம் கூடாது. அதன் முகம் ஐஸின் அடிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி மிதவையில் கேபிள் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். துளைக்குள்ளேயே நின்றால் துளைச் சுவரின் எதிரொலி முகப்பின் மேற்பகுதியைக் குழப்பும். முகத்தில் காற்றுக்குமிழி ஒட்டினாலும் படம் மங்கும். விரலால் ஒரு தடவு தடவினால் சரி.

இனி மீன். டிரான்ஸ்டியூசரின் ஒலி கீழே போகப் போகக் கூம்பு மாதிரி விரியும்; டிகிரி என்பது அந்தக் கூம்பின் கோணம். 12 டிகிரி டிரான்ஸ்டியூசர் 20 அடி ஆழத்தில் ஏறத்தாழ 4 அடி அகலமான வட்டத்தைத்தான் பார்க்கிறது. மீன் அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொடும்போது பச்சை மினுக்கல் ஒன்று வந்து வந்து போகும். நடுப்பகுதிக்கு வர வர ஆரஞ்சு, பிறகு சிவப்பு. பச்சை மினுங்கியதுமே ஜிக்கை வேகமாக ஆட்டுகிறவர்கள் மீனை விரட்டிவிடுகிறார்கள். மெதுவாக அரை அடி தூக்குங்கள். சிவப்புக் கோடு கூடவே ஏறினால் இன்னும் அரை அடி, பிறகு அசையாமல் நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் கடிக்கும். பாதியில் நின்று கீழே இறங்கிவிட்டால் ஜிக் பெரிது, அல்லது ஆட்டம் அதிகம். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கிற மீன். ஜிக்கை அதன் கோட்டுக்குக் கீழே இறக்கினால் அந்த மீனை மறந்துவிடலாம். தரையை ஒட்டித் திரியும் பெர்ச் மீனுக்கு, அடியின் கடைசி 6 அடியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸூம் வசதி பயன்படும்.

சரிவான அடித்தரையில் இந்தக் கருவி ஏமாற்றும். கூம்பு முதலில் தொடுவது சரிவின் மேடான பக்கத்தை. அங்கிருந்தே அடிப் பட்டை ஆரம்பித்துவிடும். பள்ளமான பக்கத்தில் தரையோடு கிடக்கும் மீன் அந்தப் பட்டைக்குள் ஒளிந்துவிடும். பட்டை வழக்கத்தைவிட அகலமாக இருந்தால் சரிவில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். 9 டிகிரி கூம்பு இங்கே பரவாயில்லை. அகலமான 19 டிகிரி இந்த இடத்துக்கு ஆகாது.

பக்கத்துத் துளையிலும் சோனார் ஓடினால் முகப்பில் கோடுகள் சுற்றிச் சுற்றி வரும். குறுக்கீட்டை விலக்கும் திருகை ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள், அடங்கிவிடும்.

இடம் தேடுவதில் ஒரு வசதி: குமிழி இல்லாத தெளிவான ஐஸ்மீது கொஞ்சம் தண்ணீர் ஊற்றி டிரான்ஸ்டியூசரை அதில் வைத்தால் துளை போடாமலே ஆழம் தெரியும். வெள்ளை ஐஸில் இது நடக்காது. ஐஸின் தடிமனை ஃப்ளாஷர் சொல்லாது. அதற்கு உளியும் அளவுகோலும்தான். நடந்துபோகத் தெளிவான புது ஐஸ் குறைந்தது 4 இன்ச் வேண்டும், வெள்ளை ஐஸ் என்றால் இரு மடங்கு. வந்ததும் பத்துப் பதினைந்து துளைகளை ஒரே மூச்சில் போட்டு முடித்து, இரைச்சல் அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு மினுக்கல்கூட இல்லையென்றால் அடுத்த துளை.

குறைகள் இல்லாமல் இல்லை. இந்த முகப்புக்கு ஞாபகம் கிடையாது: முடிச்சுப் போடக் குனிந்த நேரத்தில் மீன் வந்துபோனால் சுவடே இருக்காது. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்கள் கோட்டின் தடிமனைத்தான் நம்ப வேண்டும். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி கனமானது, குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் கெட்டே போகும். லித்தியம் அயன் பாஸ்பேட்டுக்கு மாறினால் பாதி எடை குறையும், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. அறைக்குள் கொண்டுவந்து சூடேறிய பிறகுதான்.

6 அடிக்கும் குறைவான தண்ணீரில் மட்டுமே மீன் பிடிப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. அந்த ஆழத்தில் 12 டிகிரி கூம்பு ஓரடிக்குச் சற்று அதிகமான அகலத்தைத்தான் பார்க்கும். இருட்டான கூடாரத்துக்குள் துளையைக் குனிந்து பார்த்தால் அதைவிட அதிகம் தெரியும்.