டார்ட்மூர் கல் சிலுவைகளைப் பார்க்க எந்த வரைபடம் வாங்கலாம்?

இங்கிலாந்தின் டெவனில் இருக்கும் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்கு இடைக்காலக் கல் சிலுவைகளைப் பார்க்கவென்றே போகிறவர்களுக்கு என் சிபாரிசு பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்28 தாள் வரைபடம்தான். அளவு 1:25,000, அதாவது 4 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர். நடைபயணச் செயலிகளும் இருக்கின்றன, ஆனால் நான் பார்த்த ஒன்று (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு சிலுவையையும் தனிப் புள்ளியாகக் காட்டி, போட்டோ எடுத்தாச்சா, அடுத்ததுக்குக் கிளம்பு என்று விரட்டுகிற ரகம்.

வரைபடத்தில் பழஞ்சின்னங்களுக்கென்றே காத்திக் பாணி எழுத்து இருப்பதால் சிலுவைகள் சட்டென்று கண்ணில் படும். நன்ஸ் கிராஸிலிருந்து கிழக்கே ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: கோல்ட்ஸ்மித்ஸ் கிராஸ், சைல்ட்ஸ் டூம் (கல்லறை மேல் நிற்கும் சிலுவை), மவுண்ட் மிசரி, டெர் ஹில் என்று சிலுவைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் வரும். தாளில் 16 சென்டிமீட்டர், தரையில் 4 கிலோமீட்டர். பக்ஃபாஸ்ட் மடத்திலிருந்து மேற்கே பக்லண்ட், டாவிஸ்டாக் மடங்களுக்குப் போன பழைய தடம் இது. அங்கே போய் நின்றால் பாதை என்று சொல்ல பெரிதாக ஒன்றும் தெரியாது, புல்வெளிதான், பக்கத்திலேயே ஃபாக்ஸ் டோர் மயர்ஸ் சதுப்பு வேறு. பனிமூட்டம் இறங்கிவிட்டால் அடுத்த கல் எங்கே என்பதுதான் அந்தக் காலத்து வழிப்போக்கனின் ஒரே கவலையாக இருந்திருக்கும்.

எல்லைக்கல் வேலையையும் இவையே பார்த்தன. 1240இல் அரசர் ஆணைப்படி டார்ட்மூர் வன (அதாவது வேட்டை நில) எல்லையைச் சுற்றி நடந்து பதிவு செய்தபோதே நன்ஸ் கிராஸ், சிவார்ட் சிலுவை என்ற பெயரில் இடம்பெற்றுவிட்டது. 2 மீட்டருக்கு மேல் உயரம், குட்டையான கைகள், நடுவில் உடைந்து இரும்புக் கவ்வி போட்டு இணைத்த கருங்கல். சிவார்ட் பெயர் செதுக்கிய எழுத்து தேய்ந்து கிடக்கிறது, சாய்வெயிலில் போனால் தேவலை. அதிகம் நடக்க முடியாதவர்கள் வாரன் ஹவுஸ் இன் என்ற விடுதி பக்கம் சாலையோரமாக நிற்கிற பென்னட்ஸ் கிராஸைப் பார்க்கலாம். முயல் வளர்ப்பு நிலத்தின் எல்லை என்று பிற்காலத்தில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

எது பழைய இடத்திலேயே நிற்கிறது, எது விழுந்து மறுபடி நிறுத்தப்பட்டது என்பதை வரைபடம் சொல்லாது, சொல்லவும் முடியாது. சைல்ட்ஸ் டூமின் கற்களை 19ஆம் நூற்றாண்டில் கட்டட வேலைக்கு எடுத்துப் போய்விட்டு, பிற்பாடுதான் சீரமைத்தார்கள். அதற்கெல்லாம் வேறு புத்தகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருபுறமும் அச்சடித்த பெரிய தாள், அங்கே காற்றும் சும்மா இருக்காது. தண்ணீர் படாத ஆக்டிவ் பதிப்பாகவே வாங்கிவிடுங்கள். போனில் இறக்கிக்கொள்ளும் குறியீடும் கூடவே வரும். திசைகாட்டி மட்டும் தனியாக வாங்க வேண்டும்.