எழுதச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி உதவும்? சேலத்திலிருந்து ஓர் அலசல்

பத்தாம் வகுப்புத் தமிழில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று 5 மதிப்பெண் கேள்வி உண்டு. படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சொந்தமாக எழுத வேண்டும். என் வகுப்பில் பாதிப்பேர் எந்தப் படம் வந்தாலும் ஒரே மனப்பாடக் கவிதையைத்தான் எழுதினார்கள். அந்தக் கவிதையைக் கொடுத்தது நான். அது உறுத்தியதால்தான் பயிற்சி தேட ஆரம்பித்தேன். மூன்று வழிகளில் போய்ப் பார்த்துவிட்டேன்.

முதலில் குறுவள மையக் கூட்டம், அதாவது பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களை நேரில் பார்க்கலாம், அது பணி நாளாகவும் கணக்காகும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஆனால் பேச வேண்டிய தலைப்புகள் நிறைய. எழுத்துக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. எனக்கு உதவியது தேநீர் இடைவேளைப் பேச்சுதான். ஏற்காட்டுப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு டீச்சர், பிள்ளைகளை முதலில் வாயால் சொல்ல வைத்து, அப்புறம்தான் எழுதச் சொல்வாராம். காபிப் பழம் பறிப்பதைப் பற்றி என்றால் வீட்டில் பேசும் சொல்லிலேயே முதல் வரைவு இருக்கலாம், அதில் சிவப்பு மை படாது என்றார்.

அடுத்தது தீக்‌ஷா. 2017இல் வந்த மத்திய அரசின் இந்த இணையக் கல்வித் தளத்தில் 2020 முதல் நிஷ்தா என்னும் ஆசிரியர் பயிற்சிகளும் இருக்கின்றன. தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. மணிக்கணக்கு காட்ட வேண்டியவர்களுக்கு இது வசதி. மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள் சேலத்திலேயே பாடங்களைத் தரவிறக்கிக்கொண்டு ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவிடலாம். மதிப்பீடு, பாடத் திட்டமிடல் போன்றவற்றைத் தெரிந்துகொள்ள நல்ல இடம். எழுத்துக்கு? திரையில் சரியான விடையைத் தொட்டுக் காட்டி எழுதக் கற்றுக்கொள்ள முடியாது. நான் எழுதியதை ஒருவர் படித்து, “இந்த வரி புரியவில்லை” என்று சொல்ல வேண்டும்.

அதனால்தான் மூன்றாவது வழியைச் சொல்கிறேன்: நாமே கூடி எழுதுவது. 1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே இப்படித்தான் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். எழுதக் கற்பிப்பவர் தாமும் எழுத வேண்டும், ஆசிரியருக்கு ஆசிரியரே பயிற்சி தர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நாங்கள் ஆறு பேர் ஐந்து ரோடு பக்கம் ஒரு தோழியின் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடினோம். இருபது நிமிடம் எழுத வேண்டும், பிறகு உரக்க வாசிக்க வேண்டும். முதல் நாள் மழையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ‘இயற்கை அன்னை’யைத் தாண்டி ஒரு வரி நகரவில்லை. வெள்ளைத்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலைமை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

திருத்தும் முறையும் அங்கேதான் மாறியது. முதல் வரைவில் சொல்ல வந்தது தெளிவா என்று மட்டும் பார்ப்போம். ஒற்றுப்பிழையும் ல, ள, ழ குழப்பமும் இரண்டாம் வரைவுக்கு. இரண்டு முறை எழுதவைக்க நேரம் வேண்டும் என்பது உண்மை. மாதம் ஒரு கட்டுரையைக் குறைத்துக்கொண்டேன்.

இதற்குச் சான்றிதழ் கிடையாது, மணிக்கணக்கில் சேராது, ஞாயிறும் போகும். கைக்குழந்தை இருக்கும் டீச்சர்களுக்கு இது கஷ்டம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்றுதான் முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

போன முறை படகுப் படம் ஒன்றுக்கு ஒரு மாணவி எழுதிய தாளைக் கொண்டுபோனேன். “எங்க அப்பா ஏரியில் படகு ஓட்டுகிறார். நான் ஒரு நாளும் ஏறியதில்லை” என்று தொடங்கியிருந்தாள். பிழைகள் நிறைய. ஆறு பேரும் தனித்தனியே மதிப்பெண் போட்டோம். 2 முதல் 5 வரை வந்தது. யார் ஏன் அப்படிப் போட்டோம் என்று பேசி முடிக்க மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது.