சைக்கிளை மூட்டையாக்கி ரயில் ஏறிய ஆறு வருடம்

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியிலேயே இன்றைக்கும் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் நேரோ கேஜ் எனப்படும் குறுகிய பாதையில் ரயில் ஓடியிருக்கிறது. அப்புறம் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். தர்மபுரிக்காவது பின்னால் சேலம் – பெங்களூர் பாதை வந்தது. நாங்கள் ரயில் ஏற வேண்டுமென்றால் பாலக்கோடு, ராயக்கோட்டை, தர்மபுரி, இந்த மூன்றில் ஒன்றுக்குப் போக வேண்டும். தர்மபுரி சுமார் 35 கிலோமீட்டர். அதைச் சைக்கிளிலேயே போய்விடலாம் என்று 2019-ல் ஒருநாள் தோன்றியது. அப்புறம், ஸ்டேஷன் வரை வந்த சைக்கிளை ஏன் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், கூடவே கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. அப்படித்தான் ஆரம்பம்.

இந்த ஆறு வருடத்தில் மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டேன். ரயிலோடு வரும் சாமான் பெட்டியான லக்கேஜ் வேனில் போட்டேன், மடக்கு சைக்கிள் வாங்கினேன், கடைசியில் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டு ஸ்லீப்பர் பெட்டியிலேயே ஏற்றினேன். இப்போது மூன்றாவதை மட்டும்தான் செய்கிறேன்.

முதலில் லக்கேஜ் வேன். டிக்கெட் வைத்திருப்பவர் தன் சைக்கிளை லக்கேஜாகப் பதிந்து, தான் போகும் வண்டியிலேயே அனுப்பலாம். பார்சல் என்பது வேறு. அதற்குப் பயணச் சீட்டு தேவையில்லை, ஆனால் எந்த வண்டியில் போகும், என்றைக்குப் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. கவுண்டரில் கேட்கும்போதே ‘லக்கேஜ்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்லீப்பரில் 40 கிலோ வரை சாமான் இலவசம் என்பது சைக்கிளுக்குப் பொருந்தாது, வேனில் ஏற்றினால் தனிக் கட்டணம்தான். பெயர், ஊர், வண்டி எண் எழுதிய அட்டை கட்டியிருக்க வேண்டும். மூட்டை ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். நான் மாங்காய் மண்டியில் பழைய சாக்கு வாங்கி, பிரேமைச் சுற்றி வைக்கோல் வைத்து, கோணி ஊசியால் சணல் கோத்துத் தைத்தேன். ஒரு முழு மாலை போய்விடும், விரல் நுனியெல்லாம் காந்தும்.

தர்மபுரியில் இது நடக்காது. பெரும்பாலான விரைவு வண்டிகள் அங்கே நிற்பது ஓரிரு நிமிடம்தான். வேன் இருப்பதோ வண்டியின் தலைமாட்டில் அல்லது கால்மாட்டில். நம் பெட்டியை விட்டு அங்கே ஓடி, கதவைத் திறக்கச் சொல்லி, ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிடும். அதனால் சேலம் போனேன். தொப்பூர்க் கணவாய் வழியாகச் சைக்கிளில் இறங்கினேன். அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பிரேக் சூடேறிய லாரிகள் பின்னால் வருகிற இறக்கம் அது. ஒருமுறை போனதற்கே வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். வாங்கியது சரிதான்.

சேலத்தில் ஏற்றுவது சிரமமாக இல்லை. சிக்கல் இறங்கும் இடத்தில் வந்தது. தெற்கே ஒரு பெரிய சந்திப்பு, பெயர் வேண்டாம். வண்டி நின்றதும் வேன் பக்கம் ஓடினேன். கதவு திறந்தது. என் சைக்கிளுக்கு முன்னால் துணி பேல்கள், மீன் பெட்டிகள், ஒரு மோட்டார் பைக். நாலைந்து சாமான் இறக்கியிருப்பார்கள், ஊதல் கேட்டது. சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் ஹேண்டில்பாரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்க, வண்டி நகர்ந்துவிட்டது. கையில் லக்கேஜ் சீட்டு மட்டும் இருந்தது. சைக்கிள் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வர இரண்டு நாள் ஆயிற்று. போட்ட பயணம் அதோடு முடிந்தது. வந்த சைக்கிளில் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. கவனிக்காமல் மிதித்து, பின்னால் பெரிய பல்லுக்குப் போனபோது செயின் போக்ஸ் கம்பிக்குள் போய் மாட்டியது.

ஆனாலும் வேனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு அப்புறம் மூன்று தடவை வேனில் போட்டிருக்கிறேன், ஒரு கீறல்கூட இல்லை. மூன்றுமே வண்டி புறப்படும் ஊரிலிருந்து கடைசி ஊர் வரை. ஏற்றவும் இறக்கவும் நேரம் இருக்கும், யாரும் அவசரப்பட மாட்டார்கள். பெங்களூரில் ஏறி வண்டி முடியும் இடத்தில் இறங்குகிறவர்கள் தாராளமாக வேனில் போடலாம். நடுவழியில் ஏறி நடுவழியில் இறங்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது சரிப்படாது.

அடுத்து மடக்கு சைக்கிள். 20 அங்குலச் சக்கரம், ஏழு கியர். ரயிலுக்கு இதைவிட வசதி இல்லை. மடித்து, மேலே ஒரு உறை மாட்டினால் பெட்டி மாதிரி ஆகிவிடும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெர்த்துக்கு அடியில் மட்டும் நுழையாது, தடிமன் அதிகம். கதவோரம் நிறுத்தி, பூட்டுப் போட்டுக் கட்டி வைப்பேன். ராத்திரி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் முழிப்பு வரும். சாலையில்தான் அது எனக்கு ஒத்துவரவில்லை. தினம் 80, 90 கிலோமீட்டர் போகிறபோது அந்தச் சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியையும் இடுப்புக்கு அனுப்பும். இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, பாலக்கோட்டிலிருந்து தினமும் ரயிலில் ஓசூர் கம்பெனிக்குப் போய்வரும் ஒரு தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு அது பொருத்தம். ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வரை ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பது மிச்சம் என்கிறார்.

இப்போது செய்கிற முறை. சொல்லப்போனால் இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ரயிலில் சைக்கிள் சைக்கிளாகத் தெரிகிற வரைக்கும்தான் கேள்வி வரும். அது மூட்டையாகிவிட்டால் சாமான்தான். ஜப்பானில் இதுவே வழக்கம். கழற்றியோ மடித்தோ முழுவதும் பைக்குள் போட்டால்தான் ரயிலில் ஏற்ற விடுவார்கள். நீள அகல உயரம் கூட்டி 250 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற அளவும் உண்டு. அந்தப் பைகளின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன்.

பஸ் சீட்டுக்கு உறை தைக்கும் கடை ஒன்று எங்கள் ஊரில் உண்டு. சைக்கிளையே அங்கே கொண்டுபோய்க் கழற்றிக் காட்டினேன். அவர் சாக்பீஸால் தரையில் பிரேமைச் சுற்றிக் கோடு போட்டு அளவெடுத்தார். ஒன்றாகத் தைக்க வேண்டாம், இரண்டாகத் தையுங்கள் என்றேன். பிரேமுக்கு ஒன்று, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் தடுப்பு வைத்து ஒன்று. ஒரே பையென்றால் கனம் ஒரே தோளில் விழும், பெட்டிக்குள் வளைக்கவும் முடியாது. இரண்டென்றால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் வைக்கலாம்.

கழற்றுவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பின்னால் சின்னப் பல்லுக்குக் கியரை மாற்றிவிட வேண்டும், சக்கரம் சுலபமாக வரும். பெடல் இரண்டையும் 15 எண் ஸ்பானரில் கழற்ற வேண்டும். வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினால் கழலும், இடது பெடல் அதற்கு நேர்மாறு. இது தெரியாமல் இடது பெடலை மேலும் மேலும் இறுக்கியவன் நான், கடையில் நீளமான பைப் மாட்டித்தான் எடுத்தார்கள். சீட்டை உள்ளே இறக்கி, ஹேண்டில்பாரைக் கழற்றி பிரேமோடு சேர்த்துக் கட்டி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பிவிட வேண்டும். இதில்தான் சூட்சுமம். ஃபோர்க் நேராக இருந்தால் பிரேம் ஒரு மீட்டரைத் தாண்டும். திருப்பிவிட்டால் அதற்குள் அடங்கும்.

சக்கரம் இல்லாத ஃபோர்க் ரொம்ப பலவீனம். யாராவது அதன் மேல் காலை ஊன்றினால் ஃபோர்க்கின் இரண்டு கையும் உள்ளே நெருங்கிவிடும். அதற்காக மின்சார வேலைக்குப் பயன்படுத்தும் பிவிசி குழாயில் இரண்டு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன், முன்னுக்கு 100 மில்லிமீட்டர், பின்னுக்கு 135. நடுவில் நீளமான போல்ட் விட்டு இரண்டு பக்கமும் நட்டு போட்டால் சக்கரம் இருக்கிற மாதிரியே கெட்டியாக நிற்கும். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் மடித்த அட்டை ஒன்றைச் செருக வேண்டும். ஆயில் பிரேக்கில் சக்கரம் இல்லாதபோது யாராவது லீவரைப் பிடித்துவிட்டால் கட்டை இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிப்பது பெரிய வேலை. இதையெல்லாம் செய்து பையில் போட முதலில் முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது இருபது நிமிடம்.

செயினைத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிறகுதான் பையை மூடுவேன். காரணம் இருக்கிறது. தூத்துக்குடி போகும் மைசூர் வண்டியில் ஒருமுறை தர்மபுரியில் நடுராத்திரி ஏறினேன். அவசரத்தில் செயினைச் சுற்றவில்லை, பை ஓரமாகக் கொஞ்சம் திறந்திருந்தது. கீழ் பெர்த்தில் ஒரு வயதான அம்மா, பேரனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போடப் போய்க்கொண்டிருந்தார்கள். பையைப் பெர்த்துக்கு அடியில் தள்ளும்போது அவர் புடவைத் தலைப்பில் கறுப்பாக ஒரு கோடு. எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, “இது என்னா தம்பி, தறிச் சாமானா?” என்று கேட்டார். “இல்லைங்கம்மா, சைக்கிள்” என்றேன். “சைக்கிளையா இப்படிப் பிரிச்சுப் போட்டுக் கொண்டார?” என்று ஆச்சரியப்பட்டார்கள். பையிலிருந்த நிப்பட்டுத் தட்டையை எடுத்து நீட்டினேன். காலையில் பேரன் எழுந்ததும் சக்கரத்தைக் காட்டச் சொல்லி விடவே இல்லை. அந்த அம்மா தூத்துக்குடியில் இறங்கும்போது, நான் பைகளை இறக்கும் வரை கதவோரம் பேரனைப் பிடித்துக்கொண்டு எனக்கு வழி விடச் சொல்லி நின்றார். புடவைக் கறைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனசு உறுத்துகிறது.

விதியையும் சொல்லிவிட வேண்டும். பயணி கூடவே எடுத்துப்போகும் பெட்டி 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் அளவு. ஏசி மூன்றடுக்கிலும் சேர் காரிலும் அது இன்னும் சின்னது, 55-க்கு 45-க்கு 22.5. என் பிரேம் பை அடங்கிவிடும். சக்கரம் 60-ஐக் கொஞ்சம் தாண்டும். இதுவரை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. ஆனால் டிக்கெட் பரிசோதகர் கேட்டால் ஒளிக்காமல் திறந்து காட்டுவேன். ஒருவர், “நடைபாதையில வைக்காதீங்க, ஜனங்க தடுக்கி விழுவாங்க” என்றார். அவர் சொன்னதுதான் நியாயமான விதி. அதனால் ஸ்லீப்பரில் மேல் பெர்த் போட்டுக்கொள்வேன். பிரேம் பை கீழ் பெர்த்துக்கு அடியில், சுவரை ஒட்டிப் படுக்க வைத்தபடி. சக்கரப் பை என் பெர்த்தில் கால்மாட்டில். நான் கொஞ்சம் உயரம் குறைவு, அதனால் பாதகமில்லை. ஆறடி ஆள் என்றால் முழங்காலை மடக்கித்தான் தூங்க வேண்டும். ஏசி பெட்டியை நினைக்கவே வேண்டாம். வந்தே பாரத் நம்ம தர்மபுரியில் நிற்கிறதே என்று ஒருவர் கேட்டார். உட்கார்ந்து போகும் வண்டி, தலைக்கு மேல் இருக்கும் தட்டில் சக்கரம் உட்காராது.

இத்தனைக்கும் என்ன கிடைக்கிறது? தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்து சைக்கிளை மறுபடி மாட்டிச் சேர்க்கிறேன். காற்றடித்து முடிக்கும்போது சுற்றி நாலு பேர் நிற்பார்கள், ஒருவர் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பார். அங்கிருந்து கடலோரமாகத் திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். மறுநாள் மணப்பாடு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றின் மேல் சிலுவைக் கோயில். வழியில் தேரிக் காடு, அந்தச் செம்மண்ணை பஸ் ஜன்னலில் பார்ப்பதற்கும் டயரில் ஒட்டிக்கொண்டு வருவதற்கும் நிறைய வித்தியாசம். உவரி தாண்டிக் கன்னியாகுமரி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கமாகப் போகக் கூடாது, முழுக்க எதிர்க்காற்று. ஜூலையில் போய் ஒரு நாள் முழுக்க 45 கிலோமீட்டர்தான் ஓட்ட முடிந்தது. ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். திரும்ப நாகர்கோவிலில் பெங்களூர் வண்டி ஏறினால் விடிகாலையில் தர்மபுரி. பனியோடு காரிமங்கலம் வழியாக மிதித்து, வீட்டில் இட்லி வேகிற நேரத்துக்கு வந்துவிடலாம்.

பை இப்போது நான்காவது வருடத்தில் இருக்கிறது. துணி கிழியவில்லை, அடியில் தைத்த ரெக்சின் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஜிப் இரண்டு தடவை மாற்றியாயிற்று, மணல் பட்டால் ஜிப் தாங்காது. பொங்கல் கழிந்து மயிலாடுதுறை போய், தரங்கம்பாடிப் பக்கம் ஓட்டலாம் என்று இருக்கிறேன். அதற்குள் ஜிப்பை எடுத்துவிட்டு பக்கிள் வைத்த நாடா நாலு தைத்துத் தரச் சொல்லிக் கடையில் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.